சித்தப்பாவின் பத்தொன்பது மிஷின்களை எப்படி விற்பது?

கேள்வி: பாலக்கோட்டில் டெய்லராக இருந்த எங்கள் சித்தப்பா தை மாதம் காலமானார். பிள்ளைகள் இல்லை. சித்தியும் எண்பத்தாறு வயதுப் பாட்டியும் (சித்தப்பாவின் அம்மா) மட்டும்தான் அந்த வீட்டில் இருக்கிறார்கள். முப்பது வருடமாகப் பழைய தையல் மிஷின்களைத் தேடி வாங்கி, ரிப்பேர் பார்த்து, ஓட வைத்து அடுக்கியிருந்தார். எண்ணிப் பார்த்தேன், 19 இருக்கின்றன: சிங்கர் எட்டு, உஷா ஐந்து, மெரிட் மூன்று, பாஃப் ஒன்று, ஜோன்ஸ் கை மிஷின் ஒன்று, பொம்மை மாதிரி ஒரு சின்ன மிஷின். பழைய இரும்புக் கடைக்காரர் மொத்தத்துக்கும் 18,000 ரூபாய் தருகிறேன் என்கிறார். பெங்களூருவிலிருந்து போனில் பேசிய ஒருவர் சிங்கர் ஒன்றுக்கு மட்டும் ஐந்து லட்சம் என்கிறார். அதில் ரெட் மெர்குரி என்று ஏதோ விலை உயர்ந்த சிவப்புப் பாதரசம் இருக்குமாம், சோதித்துப் பார்க்க முதலில் 10,000 ரூபாய் அனுப்பச் சொல்கிறார். பெரியப்பா, தன் தம்பியின் பொருளில் தனக்கும் பங்கு உண்டு என்கிறார். ஜெர்மனியில் இருக்கும் அத்தை மகன் இருப்பதிலேயே பழையதைக் கேட்கிறான். சித்திக்கு மாதாமாதம் மருந்துச் செலவு இருக்கிறது. எல்லாவற்றையும் தின்னர் போட்டுப் பளபளவென்று துடைத்து, படம் எடுத்து, ஒரே ஆளுக்கு மொத்தமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைக்கிறேன். சரியா?

– வாசகி, காவேரிப்பட்டணம் (படங்களோடும் மிஷின் நம்பர்களோடும் வந்த கடிதத்தின் சுருக்கம்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தத் தின்னர் டப்பாவை மூடி வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு.

பழைய சிங்கரில் கருப்புப் பெயிண்டின் மேல் தங்க நிறத்தில் பூவும் கொடியும் எழுத்தும் இருக்கிறதே, அது படமாக ஒட்டி, அதன் மேல் அரக்கு வார்னிஷ் பூசிய வேலை. தின்னரோ ஸ்பிரிட்டோ பட்டால் அந்த அரக்கு கரைந்துவிடும். துணியில் மஞ்சளாக ஏதோ வருகிறதே, அழுக்குதான் போகிறது என்று நினைப்பீர்கள். வருவது பூ. நூறு வருடம் தாங்கியது ஐந்து நிமிஷத்தில் போய்விடும், திரும்ப வராது. பஞ்சில் தையல் மிஷின் ஆயில் தொட்டு மெதுவாகத் துடைத்தால் போதும். உள்ளே இரும்புப் பாகங்களில் பிசின் மாதிரி காய்ந்துபோன எண்ணெய் இருந்தால் மட்டும் மண்ணெண்ணெய் தொட்ட துணி. நம் பக்கத்து வீடுகளில் தேங்காய் எண்ணெய் விட்டு ஓட்டுவார்கள், அது நாள்பட இறுகி வீலையே சுற்ற விடாமல் பிடித்துக்கொள்ளும். உங்கள் சித்தப்பா அப்படிச் செய்திருக்க மாட்டார். நீங்கள் அனுப்பிய படங்களில் ஊசிக்கம்பி மின்னுகிற விதத்தைப் பார்த்தாலே தெரிகிறது.

கிருஷ்ணகிரியில் 38 வருடமாக மிஷின் ரிப்பேர் பார்க்கிறேன். எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மேஸ்திரி தர்மபுரியில் இருந்தார். அவர் போன பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே, வீட்டில் இருந்த மிஷின்களை எல்லாம் ஒரே வண்டியில் பழைய இரும்புக்கு ஏற்றிவிட்டார்கள். எனக்குத் தகவல் தெரிந்து ஓடினேன். கடை வாசலில் ஒருவர் சம்மட்டி வைத்துக்கொண்டு மிஷின் தலைகளை உடைத்துக்கொண்டிருந்தார். வார்ப்பு இரும்பு வளையாது, அடித்தால் பிஸ்கட் மாதிரி உடையும், உடைத்தால்தான் உலையில் போட வசதி. நான் போனபோது மிச்சம் இருந்தது இரண்டு. அதில் ஒன்றின் வீலைத் தொட்டுப் பார்த்தேன், ஒரு விரலுக்குச் சுற்றியது. மேஸ்திரி போன மாதம்கூட எண்ணெய் விட்டிருக்கிறார். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் உங்கள் கடிதத்துக்கு இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

பெங்களூருக்காரர் விஷயத்தில் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். பழைய சிங்கரில் ரெட் மெர்குரி கிடையாது. அதில் இருப்பது வார்ப்பு இரும்பு, எஃகு, கொஞ்சம் நிக்கல் பூச்சு, ஒரு பித்தளைச் சின்னம். இந்த வதந்தி 2009-ல் சவூதி அரேபியாவில் பெரிதாகக் கிளம்பியது. ஊசிப்பக்கம் செல்போனைக் கொண்டு போனால் லைன் கட் ஆகும், அப்படி ஆனால் உள்ளே ரெட் மெர்குரி இருக்கிறது என்று கிளப்பிவிட்டார்கள். உதவாத மிஷினுக்கெல்லாம் இரண்டு லட்சம் ரியால் வரை விலை கேட்டார்கள். கடைசியில் அத்தனையும் பொய் என்று போலீஸே சொன்னது. அதே கதையைத்தான் உங்களிடமும் சொல்லியிருக்கிறார்கள். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதா என்ன? இரிடியம் கலசம், மண்ணுளிப் பாம்பு என்று நிலத்தை விற்றுப் பணம் கட்டியவர்கள் எத்தனை பேர்! பொருள் மாறுகிறது, "சோதனைக்கு முன்பணம்" என்ற வார்த்தை மாறுவதில்லை. அந்த நம்பரை பிளாக் செய்யுங்கள். யாராவது ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே போன் செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, இரண்டு பெண்கள் தனியாக இருக்கும் வீட்டில் "விலை உயர்ந்த மிஷின்" இருக்கிறது என்று நாலு பேருக்குத் தெரிவதே நல்லதில்லை. பாலக்கோட்டு முகவரியை எந்த விளம்பரத்திலும் போடாதீர்கள். பார்க்க வருகிறவர்கள் காவேரிப்பட்டணத்துக்கு உங்கள் வீட்டுக்கு வரட்டும், இல்லையென்றால் என் கடைக்கு வரட்டும்.

பொருள் யாருடையது என்ற கேள்வியை விற்பதற்கு முன்பே தீர்த்துக்கொள்ளுங்கள். சித்தப்பா உயில் எழுதவில்லை என்றால், 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவியும் அம்மாவும் முதல் வகுப்பு வாரிசுகள். பிள்ளைகள் இல்லாததால் சித்திக்குப் பாதி, பாட்டிக்குப் பாதி. முதல் வகுப்பில் ஆள் இருக்கும்போது அண்ணன் தம்பிக்குப் பங்கு வராது. இதைப் பெரியப்பாவிடம் நீங்கள் சட்டமாகப் பேச வேண்டாம். மனசு நொந்து போயிருக்கும் நேரம். "பாட்டி இருக்காங்க, அவங்ககிட்டக் கேட்டுத்தான் செய்றோம் பெரியப்பா" என்று சொல்லுங்கள், தாயாரை மீறிப் பேச மாட்டார். தாசில்தார் அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழ் எப்படியும் வாங்கத்தான் போகிறீர்கள், அதில் பாட்டியின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். விற்கிற ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு நோட்டில் தேதி, வாங்கியவர் பெயர், தொகை எழுதி, சித்தியிடம் கையெழுத்தும் பாட்டியிடம் ரேகையும் வாங்கிவிடுங்கள். நாளை ஒரு பேச்சு வராது.

படங்களில் இன்னொன்று கவனித்தேன். உஷாவில் இரண்டின் கைப்பிடியில் நூலில் கட்டிய சீட்டு தொங்குகிறது. ஒன்றில் "அரூர்" என்று படிக்க முடிகிறது. ரிப்பேருக்கு வந்த மிஷினில்தான் நாங்கள் அப்படிக் கட்டுவோம். தான் வாங்கிய மிஷினுக்குச் சீட்டு கட்டுகிறவர் யார்? அவை இரண்டும் வாடிக்கையாளர்களுடையவையாக இருக்கலாம். சித்தப்பாவின் கணக்கு நோட்டைத் தேடுங்கள், போனில் இருக்கும் பெயர்களையும் பாருங்கள். யாரோ ஒரு அம்மா தன் மிஷினைக் கொடுத்துவிட்டு, சாவு வீட்டில் போய்க் கேட்பதா என்று காத்துக்கொண்டிருப்பார். தெரிந்தவரை விசாரித்து, உரியவரிடம் சேர்த்துவிடுங்கள். அதுவரை அவை விற்பனைக் கணக்கில் இல்லை.

சித்தி சாயங்காலம் ஒரு மெரிட்டில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கிறார் என்று கடிதத்தின் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அதுவும் கணக்கில் இல்லை. ஆக மீதி பதினாறு.

இந்தப் பதினாறையும் மொத்தமாக ஒரே ஆளுக்குக் கொடுக்காதீர்கள். மொத்தமாக வாங்குகிறவர் இருப்பதில் மட்டமான மிஷினின் விலையை வைத்துத்தான் எல்லாவற்றுக்கும் கணக்குப் போடுவார். நல்லதைத் தனியாக விற்று அவர் லாபம் பார்ப்பார். அந்த வேலையை நீங்களே செய்யலாம், ஆறு மாதம் ஆகும். மருந்துச் செலவுக்கு அவசரம் என்றால் முதல் மாதத்திலேயே போகக்கூடிய மிஷின்களும் இதில் இருக்கின்றன. எவை என்று சொல்கிறேன்.

மூன்று உஷாவும் இரண்டு மெரிட்டும். உஷா 1930-களில் கல்கத்தாவில் ஜே இன்ஜினியரிங் ஒர்க்ஸில் தொடங்கியது. இன்றைக்கும் ஸ்பேர் கிடைக்காத ஊர் இல்லை. பாபின் (அடிநூல் சுற்றும் சின்ன உருளை) வைக்கும் கேஸ், அதைச் சுமக்கும் ஷட்டில், நூலை இறுக்கும் டென்ஷன், துணியைத் தள்ளும் பல் எல்லாம் பர்கூரிலும் கிடைக்கும், பென்னாகரத்திலும் கிடைக்கும். அதனால்தான் டெய்லர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்குவார்கள். ஆனால் விலையில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு தையல் மிஷின்களை இலவசமாகக் கொடுக்கிறது, ஏழைப் பெண்களுக்கு நல்ல திட்டம். அப்படி வந்த மிஷின்களில் சில கைமாறி விற்பனைக்கும் வருவதால் சாதாரணப் பழைய மிஷினுக்குக் கிராக்கி குறைவு. என் கணக்கு இதுதான்: ஸ்டாண்டோடு சேர்ந்த புது கருப்பு மிஷின் கடையில் என்ன விலையோ கேட்டுக்கொள்ளுங்கள், அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகச் சொல்லுங்கள். தையல் சுத்தமாக விழுந்தால் ஒரு வாரத்தில் போய்விடும். ஊரில் மகளிர் குழுவில் சொல்லி வையுங்கள். தையல் கிளாஸ் நடத்துகிறவர்களிடமும் சொல்லுங்கள். பர்கூர் ஜவுளிக் கடைகளின் வாசலில் சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுக்கிறவர்கள் கால் மிஷினைத்தான் கேட்பார்கள், கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

சிங்கர் எட்டும் ஒரே ஜாதி இல்லை. இங்கேதான் நீங்கள் நின்று நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மிஷினின் வலது பக்கம், வீலுக்குக் கீழே தூண் வந்து நிற்கும் இடத்தில், பலகை மட்டத்தில் கொஞ்சம் மேடாக ஒரு இடம் இருக்கும். நம்பர் அதில் அடித்திருக்கும். நீங்கள் அனுப்பிய ஆறு நம்பர்களில் மூன்று, ஆங்கில எழுத்து இ-யில் தொடங்கி இன்னொரு எழுத்தோடு சேர்ந்து வருகின்றன. அவை ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரில் இருந்த சிங்கர் தொழிற்சாலையில் செய்தவை. அதில் இ, எஃப் என்று வருவது ஏறக்குறைய 1940-களின் கடைசி. இரண்டு நம்பர் ஒய் எழுத்தில் தொடங்குகின்றன, அவையும் கிளைட்பேங்க்தான், 1922-க்கும் 1935-க்கும் நடுவில். ஒன்றில் எழுத்தே இல்லை, வெறும் எண். அது 1900-க்கு முன்பு செய்தது. மீதி இரண்டில் நம்பரே காணோம் என்கிறீர்கள். தூணில் சிங்கர் என்று பொறித்த பித்தளைச் சின்னம் இரண்டு ஆணியில் பதிந்து இருக்கிறதா, வெறும் ஸ்டிக்கரா என்று பாருங்கள். வேறு கம்பெனித் தலைக்குக் கருப்பு அடித்துச் சிங்கர் ஸ்டிக்கர் ஒட்டி விற்பது நம் ஊரில் ரொம்ப நாளாக நடக்கிறது. சின்னமும் இல்லை, நம்பரும் இல்லை என்றால் அவற்றைச் சிங்கர் என்று சொல்லி விற்காதீர்கள். "ஓடுகிற கருப்பு மிஷின்" என்று உஷா விலைக்கே கொடுங்கள். சித்தப்பா பெயரில் போகிற பொருள், ஒரு சொல் பொய்யாக வேண்டாம்.

இ எழுத்து மூன்றும் வட்ட பாபின் போடுகிற வகை. சாதாரணக் கடை ஊசிதான் அதற்கும், ஸ்பேரும் கிட்டத்தட்ட உஷாவினுடையதே சேரும். பழைய டெய்லர் ஒருவரை உட்கார வைத்து ஓட விடுங்கள். சத்தத்தைக் கேட்டதும் எழுந்திருக்க மனசு வராது. நான் இவற்றைப் புது மிஷின் விலைக்குக் குறையாமல் சொல்வேன், தங்கப் பூ முழுசாக இருந்தால் அதற்கு மேலும் சொல்வேன். பேரம் பேசுவார்கள், பேசட்டும். இரண்டு மாதம் காத்திருந்தால் கொடுக்கிறவர் வருவார்.

ஒய் எழுத்து இரண்டும் வேறு வகை. அவற்றின் ஷட்டில் படகு மாதிரி நீளமாக இருக்கும், உள்ளே பென்சில் துண்டு மாதிரி மெல்லிய பாபின். டெய்லர் இதை வாங்க மாட்டார். பாபின் தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைக்காது, வேலை நின்றுபோகும். இவை சேகரிக்கிறவர்களுக்கான மிஷின்கள். அவர்கள் பார்ப்பது மூன்று: பூ வேலை எவ்வளவு மிச்சம், ஷட்டிலும் பாபினும் கூடவே இருக்கிறதா, மர மூடியும் சாவியும் இருக்கிறதா. ஜோன்ஸுக்கும் இதே கணக்குதான், அது இங்கிலாந்தில் மான்செஸ்டர் பக்கத்தில் செய்தது.

எழுத்தில்லாத அந்தப் பழையதைப் பற்றி ஆசையோடு எழுதியிருக்கிறீர்கள். அடிப்பலகை நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி இருப்பதை வைத்துப் பார்த்தால், அது 12-ஆம் நம்பர் வகையாக இருக்கலாம். அப்படியானால் அதன் ஊசி 12×1. இப்போது அந்த ஊசி அபூர்வம். சித்தப்பா டப்பாவில் அந்த ஊசி நாலைந்து இருந்தால் மிஷினோடு சேர்த்தே வையுங்கள், சில சமயம் ஊசிதான் மிஷினை விற்றுக் கொடுக்கும். ஆனாலும் ஒன்று சொல்லிவிடுகிறேன். பழசு என்பதால் அபூர்வம் என்று ஆகிவிடாது. கிளைட்பேங்க் தொழிற்சாலை 1913 ஒரே வருடத்தில் அனுப்பியது 13 லட்சம் மிஷின். 1980-ல்தான் மூடினார்கள். எத்தனை கோடி மிஷின் உலகம் முழுக்கப் பரவியிருக்கும், கணக்குப் போட்டுப் பாருங்கள். நம் பாட்டிமார்கள் தவணையில் வாங்கிய சிங்கர் இன்னும் எத்தனை பரணில் கிடக்கிறது! அதனால் லட்சக் கணக்கை மறந்துவிடுங்கள். சுத்தமாக, முழுசாக, ஓடுகிற நிலையில் இருப்பதற்குத்தான் விலை. அதைச் சித்தப்பா ஏற்கெனவே செய்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

பாஃப் ஜெர்மனிக்காரர்களின் மிஷின், 1862-ல் தொடங்கிய கம்பெனி. அதன் பாபின் கேஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். உஷாவினுடையது அதற்குச் சேரும் என்று நம்பி இருக்க முடியாது. அது இல்லையென்றால் வேறு பேச்சு.

அந்தப் பொம்மை மிஷினை யாராவது குழந்தை விளையாடக் கேட்டால் கொடுத்துவிடாதீர்கள். ஊசியின் கீழே பாபின் இருக்காது, ஒரே நூலில் சங்கிலித் தையல் போடும். நுனியைப் பிடித்து இழுத்தால் முழுத் தையலும் பிரிந்து வரும், அது பழுது இல்லை, அதன் இயல்பே அதுதான். சிங்கர் பெயர் இருந்தால் 1910-ல் வந்த 20-ஆம் நம்பர் வகையாக இருக்கலாம். கையில் அடங்குகிற பொருள், பார்சலில் சுலபமாகப் போகும், அதனால் வெளியூரில் இருந்தும் கேட்பார்கள். அளவைப் பார்த்து மலிவாகச் சொல்லிவிட வேண்டாம்.

விற்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் தைத்துப் பாருங்கள். உங்களுக்குத் தையல் தெரியும் என்பதால் சொல்கிறேன். வீலை ஒரு விரலால் சுற்றுங்கள், எந்த இடத்திலும் இடறக் கூடாது. பாபின் கேஸில் பாபினைப் போட்டு, நூல் நுனியைப் பிடித்துத் தொங்க விடுங்கள். தானாகச் சரசரவென்று இறங்கக் கூடாது, கையை லேசாக உதறினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். பிறகு காடாத் துணியை இரண்டாக மடித்து ஒரு சாண் தையுங்கள், மேலே சிவப்பு நூல், கீழே வெள்ளை. திருப்பிப் பார்த்தால் அடியில் சிவப்பு வளையம் வளையமாகத் தொங்கினால் மேல் டென்ஷன் தளர்ந்திருக்கிறது, இல்லையென்றால் நூல் டென்ஷன் தட்டுக்கு நடுவில் உட்காரவில்லை. எந்தப் பக்கமும் மறு நிறம் எட்டிப் பார்க்காமல் முடிச்சு துணிக்கு நடுவில் விழ வேண்டும். அந்தத் துண்டை வெட்டி, மிஷின் நம்பரை எழுதி, மிஷினின் பாதத்துக்குக் கீழேயே வைத்துவிடுங்கள். வாங்க வருகிறவர் கேட்கிற பத்துக் கேள்விக்கு அந்த ஒரு சாண் துணி பதில் சொல்லும். படம் போடும்போதும் நம்பர், பூ வேலை, அந்தத் துணியின் இரண்டு பக்கம், ஓடுகிற வீடியோ போதும். கீறல் இருந்தால் கீறலையும் காட்டுங்கள். எதற்கும் புதுப் பெயிண்ட் அடிக்காதீர்கள். சேகரிக்கிறவர் உரிந்த பழைய பூவுக்குக் கொடுக்கிற விலையைப் பளபளக்கும் புதுப் பெயிண்டுக்குக் கொடுக்க மாட்டார். சின்ன வயதில் நானே ஒரு நல்ல சிங்கருக்கு டூக்கோ பெயிண்ட் அடித்துவிட்டு மேஸ்திரியிடம் திட்டு வாங்கினேன். "உனக்கு முன்னாடி இருந்தவன் கையெழுத்த அழிச்சிட்டியேடா" என்றார். இன்றும் அது காதில் இருக்கிறது.

பெங்களூருவில் ஓட்டல், துணிக்கடை அலங்காரத்துக்குப் பழைய மிஷின் தேடுகிறவர்கள் உண்டு. நல்ல விலையும் தருவார்கள். ஆனால் பாதிப் பேருக்கு வேண்டியது அடியில் இருக்கும் வார்ப்பு ஸ்டாண்ட் மட்டும்தான், மேலே கண்ணாடியோ கிரானைட்டோ போட்டு மேஜை ஆக்கிவிடுவார்கள். தலையைக் கழற்றி "இது நீங்களே வச்சுக்குங்க" என்பார்கள். ஓடுகிற மிஷினை அப்படிப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். ஸ்டாண்ட் இல்லாத தலையைப் பிறகு யாரும் சீந்த மாட்டார்கள். நம்பர் இல்லாத அந்த இரண்டில் ஏதாவது ஒன்று ஓடாது என்று முடிவானால் அதன் ஸ்டாண்டைக் கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. படகு ஷட்டில் வகைகளுக்குக் காரைக்குடி பழம்பொருள் கடைகளிலும் படம் அனுப்பிக் கேட்கலாம். அவர்கள் சொல்வது வியாபாரி வாங்குகிற விலை, அதைக் கீழ் எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. "மிலிட்டரியில இருக்கேன், நேர்ல வர முடியாது, இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்க, பணம் வரும்" என்று ஒருவர் கண்டிப்பாகப் பேசுவார். பணம் வாங்க ஸ்கேன் செய்யவும் வேண்டாம், ரகசிய எண் போடவும் வேண்டாம். அது கேட்டாலே பணம் உங்களிடமிருந்து போகப் போகிறது என்று அர்த்தம். நேரில் வந்து, தைத்துப் பார்த்து, பணம் கொடுத்து எடுத்துப் போகட்டும்.

தூக்கும்போது, கை மிஷினை மர மூடியின் கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள். பூட்டு தேய்ந்திருக்கும், மூடி கையில் வரும், மிஷின் காலில் விழும். கால் மிஷினுக்குத் தலையையும் ஸ்டாண்டையும் தனித்தனியாகக் கழற்றித்தான் வண்டியில் ஏற்ற வேண்டும். பின்னால் இருக்கும் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்தினால் தலை வந்துவிடும். அந்த ஸ்க்ரூவை ஒரு கவரில் போட்டு மிஷினிலேயே கட்டுங்கள். சிங்கர் தன் ஸ்க்ரூவுக்கென்று தனி மரை வைத்திருந்தது, ஹார்டுவேர் கடையில் வாங்குவது சேராது. ஒன்று தொலைந்தாலும் இன்னொரு சிங்கரை அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

அத்தை மகனுக்கு: நூறு வருடத்தைத் தாண்டிய கலை, தொழில் சம்பந்தமான பொருள்கள் 1972-ஆம் ஆண்டு பழம்பொருள் சட்டத்தில் வரக்கூடும். அப்படி வந்தால் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. 1900-க்கு முந்தைய அந்த மிஷினைப் பெட்டியில் வைத்து விமான நிலையத்தில் மாட்டிக்கொள்ள வேண்டாம். தொல்லியல் துறையிடம் கேட்டு, பழம்பொருள் இல்லை என்ற சான்றிதழ் கிடைத்தால் கொண்டுபோகட்டும். இல்லையென்றால் 1940-களில் செய்த ஒன்றை ஆசைக்கு எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். விலை கொடுத்துத்தான், சித்தி கையில்.

கடைசியாக அந்த ஹார்லிக்ஸ் பாட்டில்கள். ஜன்னல் ஓரத்தில் ஏழெட்டு பாட்டில்கள் வரிசையாக இருப்பது படத்தில் தெரிகிறது. "ஸ்க்ரூ, இரும்புத் துண்டு, குப்பைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கொட்டாதீர்கள் தங்கச்சி. இரண்டாவது பாட்டிலில் கண்ணாடியோடு ஒட்டி நீளமாக ஒன்று மினுங்குகிறது, அது படகு ஷட்டில். ஒரு மிஷின் ஷட்டில் இன்னொன்றில் நுழையும், ஆனால் மூக்கு தேய்ந்த விதம் மாறுவதால் தையல் விடும். எது எந்த மிஷினுடையது என்று போட்டு ஓட்டிப் பார்த்துத்தான் ஜோடி சேர்க்க வேண்டும். பாட்டில்களை அப்படியே மூடி, சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு வாருங்கள். ஒய் எழுத்து மிஷின் இரண்டும், ஜோன்ஸும், எழுத்தில்லாததும் கூட வரட்டும். செவ்வாய்க்கிழமை காலையில் கடையில் கூட்டம் இருக்காது. சித்தியையும் அழைத்து வாருங்கள், முப்பது வருடம் பக்கத்தில் இருந்து பார்த்தவர். எந்த மிஷினுக்கு எந்த டப்பா என்று நம் இருவரையும்விட அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.